முதல் தண்ணீரிலேயே போன கறை

முதல் மக்குத் தண்ணீர் ஊற்றியதுமே கறை போய்விட்டது.

எனக்குச் சந்தோஷமாக அல்லவா இருந்திருக்க வேண்டும்? மக்கைக் கையில் பிடித்தபடி துவைக்கிற கல் பக்கத்தில் அப்படியே நின்றேன்.

திராட்சரசக் கறை இப்படிப் போகாது. எனக்குத் தெரியாதா என்ன? ஒன்பது வருடமாக எங்கள் சபையின் திருவிருந்துக்கு ரசம் காய்ச்சிக் கொடுக்கிறவள் நான். கறுப்புத் திராட்சை, சர்க்கரை, நாலு கிராம்பு. பிசையும்போது என் நைட்டியில் தெறிக்காத இடம் கிடையாது. சோப்புப் போட்டால் சிவப்பு நீலமாக மாறும். உப்பைத் தூவி, எலுமிச்சம்பழம் தேய்த்து, மூன்று நாள் மொட்டை மாடி வெயிலில் காயப் போட்டாலும் லேசாக ஒரு தடம் நிற்கும். அவ்வளவு பொல்லாத கறை.

இதுவோ சோப்பைக்கூடக் கேட்கவில்லை.

இன்று காலைதான் என் மகள் பிரின்சிக்குக் கோயிலில் முதல் திருவிருந்து. பதினாலு வயதாகிறது, ஒரு கப்பை ஒழுங்காகப் பிடிக்கத் தெரியவில்லை. ரசம் ஊற்றி ஆளுக்கொன்றாகக் கொடுக்கிற அந்தச் சின்னக் கப்பில் பாதிக்கு மேல் புது வெள்ளைச் சுடிதாரில் கவிழ்த்துக்கொண்டாள். மணவாள நகர் முழுக்கப் பார்த்தது. என் மானமே போயிற்று. பெஞ்சுக்குத் திரும்பி வந்ததும் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினேன். கண் கலங்கிவிட்டாள். கலங்கட்டும் என்று இருந்தேன்.

நான் ரசம் வாங்க எழுந்து போகவில்லை. நாத்தனாரோடு எட்டு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லை. மனத்தாங்கலை வைத்துக்கொண்டு திருவிருந்து எடுக்கக் கூடாது. அதனால் இன்றைக்கு ரசம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது.

முதலில் கோயில்பிள்ளை குணாவைத்தான் வைதேன். கோயிலைக் கூட்டி, மணியடித்து, பீடத்தில் ரசம் எடுத்து வைப்பதெல்லாம் அவன் பொறுப்பு. சோம்பேறி, ரசத்தில் தண்ணீரைக் கலந்து தொலைத்திருப்பான் என்று நினைத்தேன்.

சுடிதாரை மூக்கருகே கொண்டுபோனேன். தண்ணீர் படாத கைப்பக்கம் இன்னும் இரண்டு சொட்டுச் சிவப்பு இருந்தது. கிராம்பு வாசனை துளியும் இல்லை. விரலில் தேய்த்தேன். வழுக்கியது.

இது என் ரசமே இல்லை.

கும்மிடிப்பூண்டியில் வேலை பார்க்கிறவர்கள் வீட்டில் வெள்ளைக் கேனுக்குப் பஞ்சமே இல்லை. கம்பெனியில் காலியானதைக் கழுவிக் கொண்டுவந்துவிடுவார்கள். எங்கள் வீட்டில் குடிதண்ணீர் அதில்தான், எண்ணெய் அதில்தான், சபைக்குப் போகிற ரசமும் அதில்தான். என் வீட்டுக்காரர் ஜெரால்ட் வெள்ளிக்கிழமைகூட ஒரு கேன் கொண்டுவந்து சமையல் மேடைக்கு அடியில் வைத்தார். அது காலியா, நிரம்பியதா என்று நான் கேட்கவில்லை.

சுடிதாரும் கையுமாகச் சமையலறைக்கு ஓடினேன். மேடைக்கு அடியில் ஒரே ஒரு கேன் இருந்தது. மூடியைத் திருகியதும் கிராம்பு வாசனை குப்பென்று அடித்தது.

நான் காய்ச்சிய ரசம், கழுத்து வரை, அப்படியே இருந்தது.

நேற்று குணா வாசலில் வந்து நின்றபோது உள்ளிருந்து கேனை எடுத்து வந்து கொடுத்தது நான்தான். அவனை எதற்கு வைதேன் பாவி நான்?

ஜெரால்டுக்கு ஞாயிற்றுக்கிழமையும் ஷிப்ட். மூன்றாவது தடவைதான் போனை எடுத்தார். மிஷின் சத்தத்தில் இரண்டு முறை கத்திச் சொல்ல வேண்டியிருந்தது.

“அது வண்டிக்கு ஊத்துற கூலன்ட்டுடி! தித்திப்பாத்தான் இருக்கும், நாய் நக்குனாகூட செத்துப்பூடும். ஐயோ, புள்ள குட்ச்சிச்சா?”

நாற்பது பேருக்கு மேல் குடித்திருக்கிறார்கள். கர்த்தாவே, ஒவ்வொரு முகமாக நினைவுக்கு வந்தது. ஆராதனை நடத்திய ஆயருக்குப் போன் போட்டேன். போன மாதம்தான் மாற்றலாகி வந்தவர், என் ரசத்தின் ருசி அறியாதவர். ஜெபம் பண்ணி வைத்த ரசத்தை மிச்சம் வைக்கக் கூடாது என்பதால் மீதியை ஆயரே குடித்து முடிப்பது எங்கள் வழக்கம்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவர் எடுக்கவில்லை.

சொல்ல வெட்கமாக இருக்கிறது. குணாவின் நம்பரைத் தேடிக்கொண்டே நான் அத்தனை பேரையும் மறந்து அந்தச் சுடிதாரையே பார்த்துக்கொண்டிருந்தேன். நெஞ்சிலிருந்து இடுப்பு வரை ஈரம். அவ்வளவும் என் பிள்ளையின் வயிற்றுக்குள் போகாத ஈரம். ஒரு வாய்கூட உள்ளே போயிருக்காது. இன்னும் கொஞ்சம் கொட்டியிருக்கக் கூடாதா என் கண்ணு, முழுசாகக் கொட்டியிருக்கக் கூடாதா? கிள்ளின இந்தக் கையில் கொள்ளி வைக்க.

சுடிதாரை வாரி முகத்தோடு சேர்த்துக்கொண்டு அழுதேன்.

பிரின்சி அறைக்குள்ளிருந்து வந்தாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் சுடிதாருக்காக அழுகிறேன் என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது.

“அழாதம்மா. ஆராதனை முடிஞ்சதும் ஆயர் என்ன மட்டும் உள்ள கூப்ட்டு, கொட்டினதுக்குப் பதிலா பெரிய கிண்ணத்துலயே குடுத்தாரு. ரெண்டு கையாலயும் புட்ச்சிக்கினு குட்ச்சேன், ஒரு சொட்டுகூட சிந்தல.”