ஓட வேண்டிய தூரம்

மூன்று வயதில் செய்த ரத்தப் பரிசோதனையில், நிறைமதி பெரிய ஓட்டக்காரியாக வருவாள் என்று தெரிந்தது. அந்த வாரமே அரசு விளையாட்டு விடுதி அவளைச் சேர்த்துக்கொண்டது. இப்போது பதினோரு வயது. அப்பாவுக்கு உயிர் ஊசலாடுகிறது என்றதும் ஒருநாள் லீவு கொடுத்து அனுப்பினார்கள்.

கோவில்பட்டி ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோ நின்றதும், அம்மா பேச்சித்தாய் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். பாதி வழியில் திரும்பிப் பார்த்தால், மகள் நிதானமாக நடந்து வந்துகொண்டிருந்தாள்.

"ஓடி வாட்டி! அப்பா உன்னயத்தான் தேடுதாக!"

"ஓடக் கூடாதும்மா. இன்னைக்கு ஓட வேண்டிய தூரத்தக் காலையிலயே ஓடி முடிச்சிட்டேன். அதுக்கு மேல ஓடுனா விடுதிய விட்டு வெளியே அனுப்பிருவாங்க."

பேச்சித்தாய் திரும்பி வந்து அவள் கையைப் பிடித்து இழுத்தாள், திட்டினாள், கெஞ்சினாள். மகளின் நடை மாறவே இல்லை.

அவர்கள் வார்டுக்குள் நுழைந்தபோது நர்ஸ் போர்வையை இழுத்து அப்பாவின் முகத்தையும் மூடிக்கொண்டிருந்தாள். பேச்சித்தாய் கட்டிலின்மேல் விழுந்து கதறினாள்.

நிறைமதி அசையாமல் நின்றாள். அவள் உதடு மட்டும் துடித்தது.

"அழுதா மூச்சு கெட்டுரும்னு சொல்லிருக்காங்க," என்றாள் தணிந்த குரலில். "இப்ப அழலாமாம்மா?"