தண்ணீர் ஏறாத வீடு

"வீடு பார்க்க வர்றவர் யாருன்னு தெரியுமா? வெள்ளம் எங்க வரும், எவ்வளவு உயரம் ஏறும்னு ஆராய்ச்சி பண்ற புவியியல் பேராசிரியராம்! உலகத்துல வேற ஆளே கிடைக்கலையா உங்களுக்கு?" என்று பதறினாள் மனைவி.

அவள் கணவரான தையல்காரருக்கும் உள்ளூர அதே பயம்தான். போன வெள்ளத்தில் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். தையல் மெஷினோடு மனைவியின் தூக்கமும் போயிற்று. நாலு தூறல் விழுந்தாலே துணிமணியை மூட்டை கட்டிக்கொண்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்துவிடுவாள், பாவம். அடுத்த மழைக்குள் வீட்டை விற்றே ஆகவேண்டும்.

"பயப்படாதே. வெள்ளம் சுவர்ல விட்டுட்டுப் போன சேத்துக் கோட்டைத்தான் பெயிண்ட் அடிச்சு மறைச்சாச்சே! எதிர் வீட்டு வாத்தியாரும்தான் விக்கப் பார்க்கறார். கோட்டை அப்படியே விட்டு வெச்சிருக்கார், பிழைக்கத் தெரியாத மனுஷன். அதை எவன் வாங்குவான்?"

பேராசிரியர் வந்தார். வந்ததும் வராததுமாகச் சுவரைத்தான் பார்த்தார்.

"சுவிட்ச் எல்லாம் ஏன் இவ்வளவு உயரத்துல இருக்கு?"

"பேரன் கையை வெச்சுடுவான் சார்."

"பேரன் எங்கே?"

"இனிமேதான்... பொறக்கணும்."

மனைவி தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

"பீரோ செங்கல் மேல நிக்குதே?"

"அடியில பெருக்க வசதியா இருக்குங்க" என்று அவள் முந்திக்கொண்டாள்.

பேராசிரியர் புதுப் பெயிண்டை விரலால் தடவினார். "இருபது வருஷமா எனக்கு இதே வேலைதான். நான் போட்ட வரைபடத்துல இந்தத் தெரு முழுக்க ஆபத்துன்னு சிவப்புல இருக்கு. மறைக்காம சொல்லுங்க, இங்க தண்ணி வந்ததா?"

மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். தையல்காரர் அவள் கையைப் பிடித்து அழுத்தினார்.

"சத்தியமா ஒரு சொட்டு வந்ததில்லை சார்!"

"சின்ன அடையாளம்கூட இல்லையா?"

"மருந்துக்குக்கூட இல்லை!"

பேராசிரியர் தலையாட்டிவிட்டுப் பையை எடுத்துத் தோளில் மாட்டினார். அப்பாடா, நம்பிவிட்டார்! தையல்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அப்ப எதிர் வீட்டையே முடிச்சுடறோம். வெள்ளத்தை அளக்கற கருவிகளை வைக்க, தண்ணி ஏறுற வீடாத்தான் எங்க நிறுவனம் ரொம்ப நாளாத் தேடிட்டிருக்கு. வாத்தியார் வீட்டுச் சுவர்ல அந்தச் சேத்துக் கோடு அழியாம இருக்கு பாருங்க, அது போதும் எங்களுக்கு!"

அவர் தெருவைத் தாண்டுவதற்குள் தூறத் தொடங்கியது. மனைவி மூட்டையைக் கட்ட ஆரம்பித்தாள்.