கல்லில் இல்லாத பெயர்

ஓடைத் தண்ணீரில் கரண்ட் எடுத்து, உக்குவளைக்கு மேலே இருக்கும் தோட்டத் தொழிலாளர்களின் லய வீடுகளுக்கு முதன்முதலாகக் கொண்டுவந்தவள் எஞ்சினியர் கிருஷாந்தி. அங்கேயே ஒரு லயத்தில் பிறந்தவள்.

திறப்பு விழாக் கல்லில் எட்டுப் பெயர்கள் இருந்தன. அவள் பெயர் இல்லை.

"கல்லுல இடம் பத்தல மெடம்," என்றார் தொழிற்சங்கச் செயலாளர் இந்திரகுமார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மாலையில் அவரே மைக்கில் முழங்கினார். "நம்ம தலைவர் பொத்தானை அமத்தினதும் லயம் முழுக்க வெளிச்சம் வரும்."

தலைவர் அழுத்தினார். எல்லோரும் கைதட்டினார்கள். ஒரு பல்புகூட எரியவில்லை. மறுபடி அழுத்தினார்.

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த கிருஷாந்தியிடம் இந்திரகுமார் வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார்.

"உங்களைத்தானே கைதட்டுற சத்தம் கேட்டதும் பவர்ஹவுஸ்ல சுவிட்சைப் போடச் சொன்னேன் மெடம். மேடைப் பொத்தானுக்கு வயரே இல்லையே."

"தலைவர் அமத்தினா எரியும்னு நீங்கதானே சொன்னீங்க," என்றாள் அவள். "அதைப் பார்க்கத்தான் வந்தேன்."