மூடியில் பத்து மில்லி

"இந்தக் காலத்துல ஏமாத்துறதைக்கூடச் சிரிச்ச முகமாத்தான் செய்யறீங்க! நேத்து வரைக்கும் பத்து மில்லி. இன்னைக்கு அஞ்சு போதுமாம்!"

பெரியவர் மனைவிக்கான இரும்புச்சத்து மருந்தைக் கண்ணாடி மேசைமேல் 'டொக்'கென்று வைத்தார். கடையில் வேறு யாரும் இல்லை. இருந்திருந்தாலும் அவர் குரலைத் தாழ்த்தியிருக்க மாட்டார்.

"ஏமாத்தலைங்க ஐயா," என்றாள் மருந்துக்கடைப் பெண். "பழைய பாட்டில்ல அஞ்சு மில்லிக்கு அம்பது மில்லிகிராம். அது இப்ப வர்றதில்லை. இந்தப் புதுசுல அஞ்சு மில்லிக்கே நூறு. அதான் அம்மாவுக்கு அஞ்சு போதும்கிறேன். டாக்டரும் போன்ல அதையேதான் சொன்னாரு."

"மில்லிங்கிறே, மில்லிகிராம்ங்கிறே. ரெண்டும் அண்ணன் தம்பியா?"

"மில்லி, ஊத்துற அளவு. மில்லிகிராம், உள்ளே இருக்கிற சத்தோட எடை. ஒரு டம்ளர் டீயில போடுற சர்க்கரையை அரை டம்ளர்ல போட்டா, அரை டம்ளர் குடிச்சாலே முழுச் சர்க்கரையும் உள்ளே போயிடும்ல?"

"போகும். ஆனா குடிச்சது அரை டீதானே?"

அவள் சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை.

"சிரிக்காதே. மூணு மாசமாகியும் அவளுக்கு ரத்தம் எட்டுலயே நிக்குது. அடுத்த சோதனையிலயும் ஏறலேன்னா ஆஸ்பத்திரியில படுக்க வச்சு ரத்தம் ஏத்தணுமாம். ஊசியைப் பார்த்தாலே அவளுக்குப் பாதி உயிர் போயிடும். இந்த நேரத்துல மருந்தைப் பாதியாக்குன்னா எவன் கேப்பான்?"

அவள் முகம் மாறியது. "தினமும் ஒழுங்காக் குடுக்கிறீங்களா?"

"என்ன கேள்வி இது? விடிஞ்சதும் மூடியில பத்து மில்லிக் கோடு வரைக்கும் ஊத்துவேன். ஒரு சொட்டு மிஞ்சாது. ஒரு நாள் தவறினதில்லை."

"அப்புறம் ஏன் ஏறலை?" அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்க மட்டும் நல்லாத் தெளிஞ்சிருக்கீங்க. மாடி ஏறினா மூச்சு வாங்குதுன்னு சொல்லிட்டிருந்தீங்களே?"

"இப்ப மூணு மாடி ஒரே மூச்சுல ஏறுறேன். பேச்சை மாத்தாதே. பத்துன்னு எழுதிக் குடு."

"பத்துன்னா இருநூறு மில்லிகிராம் ஆயிடும். அம்மா வயிறு தாங்காதுங்க. அஞ்சோட விடுங்களேன்!"

"நீ பாட்டுக்கு அஞ்சுங்கிறே! அவ தனியாக் குடிக்க மாட்டாம்மா. துருவைச் சப்புற மாதிரி இருக்காம். நான் பாதி குடிச்சாத்தான் மீதியை வாயில வைப்பா. பத்துன்னா ஆளுக்கு அஞ்சு. அஞ்சை ரெண்டு பேர் எப்படிக் குடிக்கிறது?"

எழுத எடுத்த பேனாவை அவள் மேசைமேல் வைத்தாள்.

"ஐயா... முழு அஞ்சும் அம்மாவுக்கே குடுங்க. உங்க பங்குக்கு மூடியில வெறும் சர்க்கரைத் தண்ணியை ஊத்தி..."

"கட்டினவளையே ஏமாத்தச் சொல்றியா?" பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு அவர் விடுவிடுவென்று படி இறங்கினார். "அப்பவே நினைச்சேன், உன் கணக்குல எங்கேயோ கோளாறு இருக்கு!"