பனி தங்காத கூரை

தெருவில் மற்ற எல்லாக் கூரைகளும் வெள்ளை வெளேரென்று இருந்தன. அம்மா வீட்டில் மட்டும், அடுப்படிக்கு நேர் மேலே, ஒரு பாய் விரிக்கிற அளவுக்குப் பனி உருகி ஓடு கறுப்பாகத் தெரிந்தது.

வண்டியை நிறுத்துவதற்கு முன்பே கிளைவுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

வீட்டுச் சூடு வெளியேறாமல் இருக்கப் பரணில் கண்ணாடிக் கம்பளி விரிப்பதுதான் அவன் பிழைப்பு, இருபத்திரண்டு வருஷமாக. பனி எங்கே உருகுகிறதோ அந்த வழியாக வீட்டுச் சூடு வெளியே போகிறது என்று யார்க்‌ஷர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறவன். இந்தப் பரணிலும் செப்டம்பரில் அவனே பதினோரு அங்குலத்துக்கு விரித்து, அதற்கு மேலே புதுப் பலகை அடித்துக் கொடுத்தான். அப்பாவின் பொம்மை ரயில் ஓட வேண்டுமே.

அம்மா டோரீன் அடுப்படியில் கோட்டைப் போட்டுக்கொண்டு உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள். வீட்டுக்குள்ளே, கோட்டு!

“கம்பளியை யாரு எடுத்தது?”

“நான்தான். கதவைச் சாத்துடா, குளிருது.”

“கூரையைத் தொறந்து வச்சுக்கிட்டு கதவைச் சாத்தணுமாம்! நல்லா இருக்கே!”

எழுபத்தாறு வயது. போன பிப்ரவரியில் நிமோனியா வந்து பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தவள். இன்னொரு தடவை நெஞ்சில் குளிர் இறங்கினால் தாங்காது என்று டாக்டர் அவனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அதற்காகத்தான் அந்தக் கம்பளி. நவம்பரில் அப்பாவைப் பறிகொடுத்தாயிற்று. இவளையும் கொடுக்க அவன் தயாராக இல்லை. அது இவளுக்குப் புரிந்தால்தானே?

“இந்தக் காலை வச்சுக்கிட்டு ஏணி வேற ஏறினியா?”

“மெதுவாத்தான் ஏறினேன். மேல ஒரு சத்தமும் கேக்க மாட்டேங்குதுடா. காதுல பஞ்சை அடைச்ச மாதிரி இருக்கு.”

“மேல யாரு இருக்கா, சத்தம் போட?”

சொன்ன பிறகுதான் அவனுக்கே சுருக்கென்றது. டோரீன் ஏற்கெனவே சீவி வைத்த கிழங்கை எடுத்து மறுபடி சீவினாள். அதைப் பார்க்கவும் அவனுக்கு எரிச்சல்தான் வந்தது.

ஏணியை இழுத்துப் போட்டு, படிகள் அதிர ஏறினான்.

பரணில் மூச்சு புகையாக வந்தது. ரயில் பாதி வளைவில் நின்றிருந்தது. பக்கத்தில் அப்பாவின் முக்காலி.

அப்பா லெனர்டுக்கு நிலக்கரிச் சுரங்கத் தூசி தின்ற நெஞ்சு. சத்தம் போட்டுக் கூப்பிட்டால் இருமலில்தான் போய் முடியும். அதனால் டீ வேண்டுமென்றால், தண்டவாளத்துக்கு ஆணி அடிக்கிற சின்னச் சுத்தியலால் பலகையில் இரண்டு தட்டு. கீழே டோரீன் கெட்டிலைப் போடுவாள். முப்பது வருஷமாக அந்த வீட்டில் அதுதான் நடைமுறை.

கம்பளி வந்த பிறகு தட்டினால் கீழே கேட்கவில்லை. “என் வாயையும் சேத்து மூடிட்டியேடா” என்று சிரித்துவிட்டு அப்பா தட்டுவதையே விட்டுவிட்டார். அம்மா நாலு மணிக்குத் தானாகவே டீ எடுத்துக்கொண்டு ஏணியடிக்கு வருவாள். அப்படி வந்த ஒரு நாள்தான், கூப்பிட்டும் குரல் வராமல் ஏறிப்போய், அவர் பலகைமேல் விழுந்து கிடப்பதைப் பார்த்தாள்.

“ஒரு நிமிஷங்கூட ஆகலடா. சுவிட்சை அணைச்ச மாதிரி போயிட்டாரு” என்று அன்று போனில் சொன்னாள். அடக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் அதையேதான் சொன்னாள். கிளைவ் பக்கத்தில் நிற்கும்போது இன்னும் சத்தமாக.

பிடுங்கிய கம்பளியைக் குப்பைப் பைகளில் அடைத்து வரிசையாக வைத்திருந்தாள். அவன் ஒரு பையை எட்டி உதைத்தான். பெயர்த்த பலகைகள் மூன்று சுவரில் சாய்ந்திருந்தன. இரண்டு இந்தப் பக்கம் பார்த்து. ஒன்று மட்டும் சுவரைப் பார்த்து.

“பிடிவாதம் பிடிச்ச கிழவி” என்று முணுமுணுத்துக்கொண்டே அந்த மூன்றாவதைத் திருப்பினான்.

பலகையில் குழிகள் இருந்தன. விரல் நுனி அளவு, அந்தச் சின்னச் சுத்தியலின் முகம் போல வட்ட வட்டமாக, இரண்டிரண்டாக.

செப்டம்பரில் அவனே வாங்கி வந்து அடித்த பலகை. பழைய குழி இருக்க வழியே இல்லை.

முதல் சில ஜோடிகள் ஆழமாக இருந்தன. அதற்கடுத்தவை ஆழம் குறைந்து, வரிசை கோணி, பலகையின் ஓரம்வரை போயிருந்தன. பதினொன்று வரை எண்ணினான். அதற்கு மேல் எண்ண முடியவில்லை. கடைசி ஜோடி குழிகூட இல்லை, வெறும் கீறல்.

கீழே கத்தி கிழங்கைச் சீவுகிற சத்தம் துல்லியமாகக் கேட்டது.

அப்பாவின் முக்காலியில் உட்கார்ந்தான். எழுந்து பலகையை முன்பு இருந்தபடியே சுவரைப் பார்த்துச் சாய்த்து வைத்தான். முகத்தைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டான். ஏணியில் இறங்கும்போது, ஏறின அதே கோபத்தை வரவழைத்துக்கொண்டான்.

“கம்பளியெல்லாம் பாழாப் போச்சு! இனிமே போட முடியாது. நீ பிரிச்ச இடம் அப்படியே கிடக்கட்டும். நாளைக்கு ஒரு ஹீட்டர் கொண்டாந்து வைக்கிறேன், ராத்திரி பகலா எரியணும். அணைச்சேன்னு கேள்விப்பட்டா அவ்வளவுதான், சொல்லிட்டேன்!”

டோரீன் கெட்டிலைப் போட்டாள். இரண்டு கோப்பை எடுத்து வைத்தாள். அவன் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

“சுவத்துல ஒரு பலகை சாத்தி வச்சிருந்தேனே. அதை நகத்தினியாடா?”

“எந்தப் பலகை?” என்று எரிந்து விழுந்தான் கிளைவ்.