பச்சைப் பக்கம்

எங்கள் முதியோர் குடியிருப்பில் ஒவ்வொரு கதவிலும் ஓர் அட்டை தொங்கும். படுக்கப் போகும்போது சிவப்புப் பக்கம், காலையில் எழுந்ததும் பச்சை. ஏழு மணிக்கும் சிவப்பாகவே இருந்தால் மாற்றுச்சாவி போட்டுத் திறந்து பார்ப்பார்கள்.

வியாழக்கிழமை நான் எட்டரைக்குத்தான் விழித்தேன். பதறியடித்துக் கதவைத் திறந்தால், அட்டை பச்சையாக இருந்தது.

"நான்தான் சார் திருப்பினேன்," என்றார் காவலாளி காசிலிங்கம். "மறந்துபோறவங்களுக்கெல்லாம் இப்ப நானே திருப்பிடறேன். தூங்குறவங்கள எதுக்கு எழுப்பணும்?"

எதிர்வீட்டு பிலோமினா டீச்சரின் அட்டையும் பச்சைதான். மூன்று முறை மணி அடித்துவிட்டு ஜன்னல் வழியே பார்த்தேன். எழுந்ததும் முதல் வேலையாக அவர் தாள் கிழிக்கும் தினசரிக் காலண்டரில் இன்னும் ஞாயிற்றுக்கிழமை.