லயத்தில் சங்கு

மலையில் தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள், கீழே தங்கள் வீடுகள் வரிசையாக இருந்த லயத்திலிருந்து வந்த சங்குச் சத்தம் கேட்டுக் கையை நிறுத்தினார்கள். அந்தத் தோட்டத்தில் சாவுக்குத்தான் சங்கு ஊதுவார்கள்.

எல்லாருடைய கண்ணும் இராக்கம்மா பக்கம் திரும்பியது. அவள் புருஷன் அழகருக்கு விலா எலும்பில் கட்டி வளர்ந்து, இரண்டு வருஷமாக மூச்சை அடைத்தது. கொழும்பில் நெஞ்சைத் திறந்து அந்த எலும்பை எடுத்து, போன வாரம்தான் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

"ஐயோ, ஒன்னைய விட்டுட்டுப் போயிட்டாரே அண்ணன்!" என்று காத்தாயி அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

கங்காணி தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார். "கூடையை எறக்கி வச்சுட்டு வீட்டுக்குப் போ தாயி."

இராக்கம்மா அசையவில்லை. சங்கு பாதியில் அறுந்துபோனபோது அவள் முகம் வாடியது. மறுபடி ஊதியது. இந்த முறை அறாமல் நீளமாகப் போய் முடிந்தது. இராக்கம்மா சிரித்தாள்.

"பாவம், புத்தி பெரண்டு போச்சு," என்றாள் காத்தாயி.

"ஊதுறதே அவருதான்டி! மூச்சு பலப்படணும்னு டாக்டர் தெனமும் பலூன் ஊதச் சொன்னாரு. பதுளை முழுக்கத் தேடியும் பலூன் கெடைக்கல. அதான் அவரு சங்கையே எடுத்துக் குடுத்தேன். ரெண்டு வருசமா ஹாலிஎல டவுன்லேருந்து ஆளு வந்து ஊதுனதுல, நம்ம தோட்டத்துல சாவுக்குச் சங்கு ஊதுறவரு யாருன்னே மறந்துட்டீங்களா?"

கங்காணி தலைப்பாகையைத் திரும்பக் கட்டிக்கொண்டார்.

"நல்லதாப் போச்சு தாயி. என் சாவுக்கும் அழகரையே வந்து ஊதச் சொல்லு. அந்த ஹாலிஎலக்காரன் வேணாம்."